பின்னால் நிற்பவர்கள்

அவளிடம் முதல்முறை பேசுகிறவர்களுக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். நம் முகத்தைப் பார்த்துத்தான் பேச ஆரம்பிப்பாள். இரண்டாவது வாக்கியத்திலேயே அவள் கண் நம் தோளைத் தாண்டிப் பின்னால் போய்விடும். யாரோ வந்திருக்கிறார்கள் போல என்று நாமும் திரும்பிப் பார்ப்போம். அங்கே ஒரு மாடு நிற்கும். அல்லது சைக்கிளைச் சாத்திவிட்டு ஒருவன் பீடி பற்றவைத்துக்கொண்டிருப்பான். அதைப் பார்த்து முடித்த பிறகுதான் நம்மிடம் திரும்பி வருவாள்.

"நீ சொல்லு, காதுல விழுது" என்பாள்.

பூதலூர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் நான் தட்டச்சு, அவள் கிராம சேவிகா. ஊர் ஊராகப் போய்ப் பெண்களைக் கூட்டி, குழந்தைக்கு என்ன கொடுக்கலாம், கொல்லையில் என்ன போடலாம், புகையில்லாத அடுப்பை எப்படிக் கட்டலாம் என்று சொல்லிக்கொடுக்கிற வேலை. சென்னையில் ஆட்சி மாறி, அலுவலகச் சுவரில் படங்கள் மாறி, கோப்புகளில் 'ஸ்ரீ' போய் 'திரு' வந்திருந்த காலம். அத்தனை ஆண்களுக்கு நடுவே நாங்கள் இரண்டே பெண்கள். வயதும் ஒன்று. ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையைச் சேர்ந்து எடுத்துக்கொண்டோம்.

அந்த அறைக்கு முன்னால் சில வீடுகள் பார்த்தோம். எல்லா வீட்டிலும் என்னிடம் ஊரைக் கேட்டார்கள், அவளிடம் தெருவைக் கேட்டார்கள். அவள் தெருவைச் சொன்னதும் மாடியில் ரிப்பேர் வேலை இருப்பது அவர்களுக்கு ஞாபகம் வந்துவிடும். கடைசியில் இரும்புக்கடை பாய்தான் ஒன்றும் கேட்காமல் சாவியைக் கொடுத்தார். "தண்ணிய மட்டும் வீணாக்காதீங்கம்மா" என்றார், அவ்வளவுதான்.

அவளுக்கு இருப்புக் கொள்ளாது. தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு நின்றபடி சாப்பிடுவாள். நான் படுத்த பிறகும் மொட்டை மாடியில் நடக்கிற சத்தம் கேட்கும். ரயிலுக்கு நிற்கும்போது பிளாட்பாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வருவாள். "கொஞ்சம் உக்காரேன்டி, பாக்கறவங்களுக்கே கால் வலிக்குது" என்று நான் சொன்னால், உட்காருவாள். உட்கார்ந்த இடத்தில் கால் ஆடிக்கொண்டிருக்கும்.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். கிழக்கே, கடற்கரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அவள் அப்பா பண்ணையாள். விடுதியில் சேர்ந்து படிக்கப் போகும்வரை கஞ்சி எடுத்துக்கொண்டு அவளும் வயலுக்குப் போயிருக்கிறாள்.

"எங்கப்பாவும் அம்மாவும் குனிஞ்சு நட்டுக்கிட்டிருப்பாங்க. பின்னால யாரு வர்றாங்கன்னு அவங்களுக்குத் தெரியாது. வரப்புல நின்னு பாக்குறதுதான் எனக்கு வேலை. பண்ணையை மேய்க்கிற கார்வாரி குடை தெரிஞ்சா இருமணும்" என்றாள். பிறகு, "இப்பவும் தொண்டை அரிக்குது" என்று சிரித்தாள்.

அவள் கைக்குக் கேமரா வந்தது ஒரு விபத்து. புது ரக நெல் வந்து, மாதிரி வயல், தெளிப்பான் விநியோகம் என்று தினம் ஒரு விழா. எல்லாவற்றையும் படம் எடுத்து மேலே அனுப்பச் சொல்லி ஜப்பான் கேமரா ஒன்றை அலுவலகத்துக்குக் கொடுத்திருந்தார்கள். விரிவாக்க அலுவலர் ஒருவர்தான் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் எடுத்த படங்களில் தலை இருந்தால் கால் இருக்காது. இரண்டும் இருந்தால் எல்லாம் வெள்ளையாக வெளுத்திருக்கும். எங்கள் மேலதிகாரி பி.டி.ஓ. வெறுத்துப்போய், அந்தப் பக்கம் நடந்துபோன அவளைக் கூப்பிட்டு, "நீதான் சும்மா இருக்க மாட்டியே, இதைக் கொஞ்சம் பாரும்மா" என்று தோல் பையை நீட்டினார்.

அன்று மாலையே மாடியில் பரிசோதனை ஆரம்பமாயிற்று. கைப்பிடிச் சுவர் ஓரமாக ஒரு செம்பு, அதற்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் தென்னை மரம், அதற்கும் பின்னால் ரயில்வே சிக்னல். எல்லாம் ஒரே வரிசையில் வரவேண்டும் என்று என்னை இடதும் வலதுமாக நகர்த்தினாள். லென்சைச் சுற்றி ஒரு வளையம். அதில் 2.8-இலிருந்து 16 வரைக்கும் எண்கள். கேமராவோடு வந்த ஆங்கிலத் தாளை நான் படித்துச் சொன்னேன். எண் ஏற ஏற உள்ளே இருக்கிற துவாரம் சின்னதாகுமாம்.

"எண்ணு பெரிசானா ஓட்டை சிறிசா? தப்பாப் படிக்கிற."

"அப்படித்தான் போட்டிருக்கு."

பின்பக்கத்தைத் திறந்து, வளையத்தைத் திருகித் திருகி உள்ளே பார்த்தாள். மெல்லிய தகடுகள் பூ இதழ் மாதிரி கூடிக் குவிந்து, ஒரு குண்டூசித் தலையளவு துவாரம் மிச்சமாயிற்று. மறுபடி திருகினால் விரிந்தது. "ஆமாடி" என்றாள், ஏதோ நான் செய்த குற்றம் மாதிரி.

முதல் ரோலைத் தஞ்சாவூர் ஸ்டுடியோவுக்கே போய் வாங்கிப் பார்த்தபோது இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். செம்பில் ஒட்டியிருந்த புளி தெரிந்தது. நான் வெறும் மங்கலான புடவை. தென்னை மரம் புகை. சிக்னல் இருந்த இடத்தில் ஒரு கறை.

"செம்பு நல்லா விழுந்திருக்கு" என்றாள்.

ஸ்டுடியோக்காரர் சிரிக்கவில்லை. துவாரத்தை அகலமாகத் திறந்து எடுத்திருக்கிறாய், அதனால்தான் எதைப் பார்த்துக் குறி வைத்தாயோ அது மட்டும் விழுந்திருக்கிறது, முன்னும் பின்னும் எல்லாம் கலைந்துவிட்டது என்றார். துவாரத்தைக் குறுக்கினால் வெளிச்சம் குறையும். ஆனால் கிட்டத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் சேர்ந்து தெளியும். "முகம் எடுக்கறதுன்னா தெறந்து வெச்சு எடுங்க. முகம் மட்டும் பளிச்சுன்னு நிக்கும், பின்னால உள்ள குப்பையெல்லாம் மறைஞ்சுடும். அதுதாம்மா அழகு" என்றார்.

அவள் அந்தக் 'குப்பை' என்ற சொல்லையே பிடித்துக்கொண்டாள். ஊர் திரும்புகிற பஸ்ஸில், "ஓட்டை சின்னதானா ஏன் தெளியணும்? குறைஞ்ச வெளிச்சத்துல இன்னும் மங்கத்தானே செய்யணும்?" என்று ஓயாமல் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும். கண் எரிகிறது என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் எதிர் வீடே பஞ்சுப் பொதிதான்.

சட்டென்று என் கையைப் பிடித்தாள். "போடாத. அப்படியே இரு." பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றிருந்தது. என் கையை மடக்கி முஷ்டியாக்கி, சுண்டுவிரல் பக்கம் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சந்து விட்டு, கண்ணில் வைத்துப் பார்க்கச் சொன்னாள். "அந்தக் கடை போர்டைப் படி."

பார்த்தேன். பஞ்சுப் பொதி கலைந்து எழுத்துகள் வந்தன. உரக்கடை ஒன்றின் பெயரை முழுசாகப் படித்தேன். கண்ணாடி இல்லாமல், அத்தனை தூரத்திலிருந்து.

"இதேதான்டி! இதேதான்!" என்று அவள் எழுந்து நின்றுவிட்டாள். அவளும் தன் முஷ்டிக்குள் பார்த்தாள். கண்டக்டர், "உக்காரும்மா, வண்டி எடுக்கணும்" என்று சத்தம் போட்டார். பூதலூர் வரும்வரை இருவரும் முஷ்டிக்குள்ளேயே ஊரைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

அதற்குப் பிறகு அவள் படங்கள் தெளிந்தன. மிகவும் தெளிந்தன, அதுதான் தொந்தரவு. வளையத்தைப் 16-க்குத் தள்ளிவிட்டு, முன்னால் நிற்பவருக்குச் சற்றுப் பின்னால் குறி வைப்பாள். துவாரம் சின்னது, வெளிச்சம் போதாது என்பதால் ஷட்டர் மெதுவாகத் திறந்து மூட வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, முழங்கையை விலாவில் ஒட்டவைத்துக்கொண்டு எடுப்பாள். அவள் ஆடாமல் நின்று நான் பார்த்தது அந்த ஒரு நொடியில் மட்டும்தான். படத்தில் பி.டி.ஓ. ஒரு விவசாயிக்குத் தெளிப்பானைக் கொடுப்பார். அவருக்குப் பின்னால் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கூலியாள், இடுப்புக் குழந்தையோடு எட்டிப் பார்க்கிற பெண், தூரத்தில் சாணி அள்ளுகிற கிழவி, எல்லோருக்கும் கண் மூக்கு இருக்கும்.

பி.டி.ஓ. நல்ல மனிதர்தான். படத்தை மேசை மேல் போட்டு, "என்னம்மா இது? எனக்குப் பின்னால நிக்கிறவன் என்னைவிடத் தெளிவா இருக்கான்?" என்றார்.

"அவரும் அங்கதான சார் நின்னாரு."

"நின்னாரு. ஆனா விழா அவருக்கா எனக்கா? கலெக்டர் ஆபீஸ்ல கேக்கறாங்க, இதுல யாரும்மா பி.டி.ஓ.ன்னு."

அதன் பிறகு ஒரு உடன்பாடு வந்தது. அவர் விருப்பப்படி துவாரத்தை அகலத் திறந்து, பின்புறத்தைக் கலைத்து ஒன்று. அவள் விருப்பப்படி எல்லாம் தெரிய ஒன்று. முதலாவது மேலே போகும். இரண்டாவது எங்கள் அறையில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போகும்.

அந்த வருஷம் குறுவை அறுப்பில் தகராறு. அறுப்புக் கூலியாகக் கொடுக்கிற நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கச் சொல்லி ஆட்கள் கேட்டார்கள். மிராசுதார்கள் வெளியூரிலிருந்து ஆள் இறக்கினார்கள். கிழக்கே கூலி கேட்டவர்களைக் குடிசையோடு எரித்ததை யாரும் உரக்கப் பேசவில்லை, ஆனால் எல்லோர் மனதிலும் அது இருந்தது. போலீஸ் வேன் ரோட்டில் நின்றால் டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். எங்கள் அலுவலகத்தின் மாதிரி வயல், வெண்ணாற்றுப் பக்கம் ஒரு பெரிய மிராசுதாருடையது. அறுத்து விளைச்சலை அளந்து காட்ட ஒருநாள் குறித்திருந்தார்கள். அங்கேயும் வெளியூர் ஆட்கள்தான் அரிவாளோடு இறங்கியிருந்தார்கள்.

நான் போகவில்லை. அவள் சொன்னதுதான். வெயில் மங்கின நேரம். முன்னால் பி.டி.ஓ.வும் மிராசுதாரும் கையில் நெற்கதிரோடு நின்றார்கள். கொஞ்சம் தள்ளி, அறுத்த கட்டுகளை அடுக்கிய போர். போரை ஒட்டி, மிராசுதாருக்குப் பண்ணையைப் பார்த்துக்கொள்கிற காரியக்காரர். போருக்கு அப்பால் வாய்க்கால். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் கரையில் உள்ளூர் ஆட்கள் கொடியோடு வந்து நின்றார்கள். கோஷம் போடவில்லை, சும்மா நின்றார்கள்.

"அவங்க விழக் கூடாதும்மா" என்று பி.டி.ஓ. தணிந்த குரலில் சொன்னார். அவள் தலையாட்டினாள். ஒன்று அவருக்காக எடுத்தாள். வளையத்தைத் திருகி ஒன்று தனக்காக எடுத்தாள்.

பி.டி.ஓ.வின் ஜீப் கிளம்பிப் போன பிறகு ஏதோ நடந்தது. வாய்த்தகராறு, தள்ளுமுள்ளு. காரியக்காரருக்குக் கை உடைந்தது. அவள் பஸ்ஸுக்காக அங்கேயேதான் இருந்திருக்கிறாள். இருட்டின பிறகு புடவைக் கரையெல்லாம் சேறாக வந்தாள். என்ன ஆச்சு என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்குப் போய் நடக்க ஆரம்பித்தாள்.

போலீஸ் இன்ஸ்பெக்டர் அலுவலகத்துக்கு வந்தபோது படங்கள் ஸ்டுடியோவிலிருந்து வந்து பி.டி.ஓ. மேசையில் கிடந்தன. இரண்டையும் பார்த்தார். கலைந்த படத்தை ஒதுக்கிவிட்டுத் தெளிந்த படத்தை எடுத்துக்கொண்டார். "யாரும்மா எடுத்தது? அருமை. ஒவ்வொரு மூஞ்சியும் அடையாளம் சொல்லலாம்" என்றார்.

நான் அவளைப் பார்த்தேன். முதல்முறையாக அவள் எதையும் தாண்டிப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் கையிலிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊர்க் கணக்கு எழுதும் கர்ணத்தை உட்காரவைத்து முகத்துக்கு முகம் பெயர் எழுதினார்கள். அடுத்த நாள் விடிவதற்குள் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அவள் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு, "நான் அங்க போகணும், நீ வர்றியா?" என்று கேட்டாள். நான் பயந்துகொண்டேதான் போனேன். பிடிபட்டவர்களின் தெருவுக்கு அவள் எத்தனையோ முறை போயிருக்கிறாள், அடுப்புக் கட்டிக் கொடுத்திருக்கிறாள். அன்று யாரும் வாங்க என்று சொல்லவில்லை. ஒரு பெரியவர் மட்டும் எழுந்து வந்து, "நம்ம வீட்டுப் பொண்ணுன்னு நெனச்சமே தாயி" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அப்போது ஒரு குடிசையிலிருந்து இளம்பெண் ஒருத்தி வந்தாள். புருஷனைக் கொண்டுபோயிருக்கிறார்கள். கைக்குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு கேட்டாள்:

"அந்தப் போட்டாவுல அவரு எப்பிடி இருக்காரு?"

"நல்லா இருக்காரு. நிமிந்து நிக்கிறாரு."

"மூஞ்சி தெரியுதா?"

"தெரியுது."

"எனக்கு ஒண்ணு குடுக்க முடியுமா? அவரை யாரும் போட்டா எடுத்ததில்ல."

அன்று திரும்பி வரும்போது வாய்க்கால் கரையோடு அவள் எனக்கு வெகுதூரம் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன், நிற்கவில்லை.

வழக்கு தஞ்சாவூரில் நடந்தது. படம் எடுத்தவள் என்ற முறையில் அரசுத் தரப்பு சாட்சியாக அவளுக்குச் சம்மன் வந்தது. பி.டி.ஓ. கதவைச் சாத்திக்கொண்டு, "நான்தான் எடுத்தேன்னு மட்டும் சொல்லிட்டு இறங்கிடும்மா. வேற ஒரு வார்த்தை வேண்டாம். உனக்கு வயசிருக்கு, வேலையிருக்கு" என்று சொல்லியிருக்கிறார். அவர் பயந்தது அவளுக்காகவும்தான் என்று இப்போது தோன்றுகிறது.

நான் லீவு போட்டுவிட்டுப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அரசு வக்கீல் படத்தை நீட்டினார். கூண்டின் கட்டையைப் பிடித்தபடி நின்றாள். கால் மாற்றிக் கால் மாற்றி.

"இது நீங்க எடுத்ததுதானே?"

"ஆமாங்க."

"காரியக்காரருக்குப் பின்னால, நெல்லுக்கட்டுப் போரை ஒட்டி இந்தக் கேஸ் எதிரிகள் நிக்கிறது இதுல தெரியுது இல்லையா?"

"தெரியுது. ஆனா ஒட்டி நிக்கலைங்க."

வக்கீல் நிமிர்ந்து பார்த்தார். "அதை நீங்க சொல்ல வேண்டாம், படம் சொல்லுது."

"படம் அப்படிச் சொல்ற மாதிரி எடுத்தது நான்தாங்க."

மாஜிஸ்ட்ரேட் பேனாவை வைத்தார். என்ன சொல்கிறாய், புரிகிறாற்போல் சொல் என்றார். அவள் சொன்னாள். முதலில் தடுமாறினாள், குரல் எழும்பவில்லை. சத்தமாகப் பேசச் சொல்லி அதட்டினார்கள். துவாரத்தைச் சின்னதாக்கி எடுத்ததால் கிட்டே இருப்பதும் எட்ட இருப்பதும் ஒரே மாதிரி தெளிந்துவிட்டன; அதனால் போருக்கு மேலே தெரிகிற தலைகள் போரை ஒட்டி இருப்பதுபோல் தோன்றுகின்றன; நடுவில் வாய்க்கால் இருக்கிறது, போர் அதை மறைக்கிறது. அதே நிமிஷம் அதே இடத்திலிருந்து துவாரத்தைத் திறந்துவைத்து எடுத்த இன்னொரு படம் அலுவலகத்தில் இருக்கிறது.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து அந்தப் படத்தை வரவழைக்கக் கேட்டார். வாய்தா விழுந்தது. அடுத்த முறை அவள் மறுபடி கூண்டில். இரண்டு படங்களும் மாஜிஸ்ட்ரேட் முன்னால்.

"இதுல முன்னால இருக்கிற ரெண்டு பேரு மட்டும்தான் தெளிவுங்க. போரு கொஞ்சம் கலைஞ்சிருக்கு, ஆனா தாளு தாளாத் தெரியுது. பக்கத்துல காரியக்காரரும் அப்படித்தான், அவருன்னு அடையாளம் சொல்லலாம். போருக்கு மேல உள்ள தலைங்களைப் பாருங்க. கண்ணு மூக்கே இல்ல. ஒட்டி நின்னிருந்தா காரியக்காரரு கலைஞ்ச அளவுதான் அவங்களும் கலைஞ்சிருப்பாங்க."

மாஜிஸ்ட்ரேட் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டையும் வெகுநேரம் பார்த்தார்.

படத்தை மட்டும் வைத்து அடையாளம் காட்டப்பட்டவர்களையெல்லாம் விட்டுவிட்டார்கள். நேரில் பார்த்ததாகச் சாட்சி இருந்த இரண்டு பேருக்குத் தண்டனை விழுந்தது. கோர்ட் வாசலில் அந்த இளம்பெண் புருஷனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். தள்ளி ஒரு மரத்தடியில் வேறொரு பெண் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். இவளோ இரண்டு இடத்துக்கும் போகவில்லை. விறுவிறுவென்று பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.

பஸ்ஸில் நான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். "நீ படம் எடுத்த பிறகு அவங்க வாய்க்காலைத் தாண்டி வந்தாங்களா?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வயல்களில் மறுவருஷத்துத் தாளடி நடவு நடந்துகொண்டிருந்தது.

"படத்துல என்ன இருக்குன்னுதான் கேட்டாங்க. சொன்னேன்."

"நீ அங்கதான இருந்தே?"

"இருந்தேன்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. காரியக்காரரின் கை சரியாகக் கூடவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அவரும் சம்பளத்துக்கு இருந்த மனிதர்தான். அவரைப் பார்க்க அவள் ஒருநாள் தனியாகப் போய்விட்டு வந்தாள் என்பதும், அவர் வீட்டில் கதவைத் திறக்கவில்லை என்பதும் இரும்புக்கடைப் பாயம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவளுடைய மாற்றல் உத்தரவை நானே தட்டச்சு செய்தேன். வேதாரண்யம். கேமராவை ஒப்படைக்கும்போது லென்சைத் துணியால் துடைத்து, வளையத்தைப் 16-இல் வைத்து, மூடி போட்டுக் கொடுத்தாள். பி.டி.ஓ. அவளை நிமிர்ந்து பார்க்காமல், "உப்புக் காத்து, உடம்பைப் பாத்துக்க" என்றார்.

சில வருஷம் கழித்து எனக்கு நாகப்பட்டினத்தில் வேலை. கல்யாணம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அவளைப் பார்க்கப் போனேன். முன்னைவிட மெலிந்து, கறுத்திருந்தாள். சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்த ஒருவரிடம் பழைய கேமரா ஒன்று வாங்கியிருந்தாள். "உக்காரு, காப்பி போடறேன்" என்றாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, "வேண்டாம், வா, வெயில் போயிடும்" என்று இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அப்போது மனைப் பட்டா வேலை நடந்துகொண்டிருந்தது. மிராசுதார் நிலத்தில் குடிசை போட்டுப் பரம்பரையாக இருக்கிறவர்களுக்கு அந்த மனையைச் சொந்தமாக்கிச் சட்டம் வந்திருந்தது. ஆனால் இருக்கிறார்கள் என்று காட்ட வேண்டும். சில இடங்களில் அதிகாரிகள் வருவதற்குள் மிராசுதாரின் ஆட்கள் குடிசையைப் பிரித்துப்போட்டு, இங்கே யாரும் இருந்ததே இல்லை என்று சொல்லிவிடுவார்கள். அதனால் அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் தெருத் தெருவாகப் போய்ப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். முன்னால் குடும்பம், பின்னால் குடிசை, அதற்கும் பின்னால் இன்ன இடம் என்று சொல்லும்படி ஒரு கோயிலோ பனைமரமோ மிராசுதார் வீட்டு மதிலோ. எல்லாம் ஒரே படத்தில், எல்லாம் தெளிவாக.

செல்லம்மா என்று ஒரு விதவை. குடிசை வாசலில் பிள்ளைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு விறைத்து நின்றாள். இவள் மண்டியிட்டுக் கேமராவைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது குடையோடு மிராசுதாரே வந்துவிட்டார். வயதானவர். பின்னால் இரண்டு ஆட்கள்.

"யாரைக் கேட்டு எங்க கொல்லையில படம் புடிக்கிற?"

பிள்ளைகள் தாயின் முந்தானைக்குள் போய்விட்டன. அவள் கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்கவில்லை.

"நல்ல நேரத்துல வந்தீங்கய்யா. அப்படியே செல்லம்மாவுக்குப் பக்கத்துல நில்லுங்க. உங்க முன்னாலதான் எடுத்ததுன்னு இருக்கும்."

அவர் ஒரு நொடி நின்றார். பிறகு படத்தில் தன் முகம் விழப்போகிறது என்று உறைத்ததுபோல் குடையைச் சட்டென்று முன்னால் சாய்த்தார். ஷட்டர் சத்தம் கேட்டது. குடைக்குள்ளிருந்து அவர் ஏதோ சொல்லிக்கொண்டே, ஆட்களைத் திட்டிக்கொண்டே திரும்பிப் போனார். குடை மதிலைத் தாண்டி மறையும்வரை யாரும் அசையவில்லை. முதலில் சிரித்தது செல்லம்மாவின் சின்ன மகள்.

"அப்படியே இருங்க, இன்னொண்ணு" என்று அவள் கிட்டே போனாள். வளையத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருகினாள். செல்லம்மா முகத்துக்கு நேராக, மிகவும் கிட்டத்தில் எடுத்தாள்.

ரோலை நான்தான் நாகப்பட்டினத்துக்கு எடுத்துப்போய்க் கழுவக் கொடுத்து, அடுத்த முறை பிரிண்டுகளோடு போனேன். முதல் படத்தில் குடும்பம், குடிசை, மதில், சாய்ந்த குடை, குடைக்குக் கீழே மிராசுதாரின் செருப்பு எல்லாம் தெளிவாக இருந்தன. அது தாசில்தார் அலுவலகத்துக்குப் போயிற்று. செல்லம்மாவுக்குப் பட்டாவும் வந்தது, அலையவிட்டுத்தான் வந்தது.

இரண்டாவது படத்தைச் செல்லம்மாவிடம் கொடுத்தேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். மறுபடி முன்பக்கம் பார்த்தாள்.

"வூடு எங்கம்மா காணும்?"

"வூடு அந்தப் படத்துல இருக்கு. அது ஆபீசுக்கு. இது உங்களுக்கு. இதுல நீங்க மட்டும்தான்" என்று அவள் சொன்னாள்.

செல்லம்மா படத்தை முகத்துக்கு வெகு அருகில் கொண்டுபோனாள். அதில் குடிசை இல்லை, மதில் இல்லை. வெண்மையாகக் கலைந்த வெளிச்சத்தின் நடுவே ஒரு பெண், கண்ணோரச் சுருக்கத்தோடு, சிரிப்பு இன்னும் முழுசாக அடங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இப்பிடியா இருக்கேன்?" என்று கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. பதிலுக்கும் நிற்கவில்லை. படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குனிந்து உள்ளே போய்விட்டாள்.

நான் திரும்பிப் பார்த்தபோது அவள் ஏற்கெனவே அடுத்த வாசலில் நின்று, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டிருந்த ஒருவரை வெயில் பக்கமாகத் திரும்பி நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.